சுளுக்கு வலிக்குப் பாராசிட்டமாலா, ஐபுப்ரோஃபெனா?

நெடுவழி:
68 வயதாகும் என் தந்தைக்குப் படியில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது. எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன மருத்துவர், பாராசிட்டமால் 500 மி.கி. எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளாகியும் வலி அடங்கவில்லை. வீட்டில் ஐபுப்ரோஃபென் இருக்கிறது, மாற்றிக் கொடுக்கலாமா?

கயல்:
கொடுக்கலாம் என்பதே என் கருத்து. பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்குமே தவிர, வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. அடிபட்ட இடத்தில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள்தாம் வீக்கத்தையும் வலியையும் கூட்டுகின்றன. அவற்றை உண்டாக்கும் நொதியையே ஐபுப்ரோஃபென் தடுக்கிறது. ஆஸ்பிரின் இவ்வாறே வேலை செய்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திடீர் இடுப்புவலிக்குப் பாராசிட்டமால் வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்த பிறகும், பழக்கத்தின் பேரில் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள்.

அமுதன்:
நான் மருந்தாளுநர். இடுப்புவலி ஆய்வைக் கணுக்காலுக்குக் கொண்டுவருவது பொருந்தாது. சுளுக்கு போன்ற காயங்களில் இவ்விரு வகை மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், வலி குறைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நீங்கள் பகையாகக் காட்டும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு மூன்றாவதாக ஐபுப்ரோஃபெனைக் கொடுத்தால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் ஆபத்து உண்டு. பெரியவர் வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதை இங்கே யாருமே கேட்கவில்லை.

கயல்:
ஏற்கிறேன், அதை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பாராசிட்டமால் பரம சாது என்ற எண்ணத்தை மட்டும் ஏற்க முடியாது. பெரியவர்களுக்கான பொதுவான உச்ச அளவு நாளுக்கு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, மெலிந்தவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் அதிலும் குறைவு. சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரை பலவற்றில் இதுவும் கலந்திருப்பதால், ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறவர்கள் உண்டு. அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கல்லீரல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன்.

அமுதன்:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த ஆபத்தை மாத்திரைகளை எண்ணியே தவிர்த்துவிடலாம். ஐபுப்ரோஃபெனால் உண்டாகும் இரைப்பைப் புண்ணோ எழுதிக் கொடுத்த அளவிலும் வரலாம். இதயத்துக்காகச் சிறிய அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டு இடம்பிடித்துவிட்டால், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களின்மேல் ஆஸ்பிரினின் வேலை நடக்காமல் போகலாம். வீக்கம்தான் கவலை என்றால் ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக் ஜெல் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மேலே தடவும்போது இரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு.

கயல்:
ஜெல்லைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. வயதைப் பார்த்த பிறகும் மாத்திரைக்கே தாவியது என் பிழை. இளவயதுக்காரரின் சுளுக்கு என்றால் இப்போதும் ஐபுப்ரோஃபென் பக்கம்தான் நிற்பேன்.

நெடுவழி:
மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ராமிப்ரில், சிறுநீர் பிரிக்கும் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடு, 75 மி.கி. ஆஸ்பிரின் மூன்றுமே இருக்கின்றன. கூடவே பாராசிட்டமால் அட்டையும் கிடந்தது. பத்தில் எட்டு அப்படியே இருக்கின்றன. கேட்டால், தாங்க முடியாதபோது மட்டும் இரவில் ஒன்று போட்டுக்கொண்டதாகச் சொல்கிறார். மருத்துவர் எழுதியதோ ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு மூன்று வேளை. ஐபுப்ரோஃபெனை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். ஜெல் பற்றி நாளைக் காலை மருத்துவரிடம் கேட்கிறேன்.