சிப்பிப்பாறை நாயின் வேட்டை உணர்வைப் பயிற்சிக்குப் பயன்படுத்த முடியுமா?

கரிசல்காட்டு வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகில் எங்கள் தோட்டத்தில் பத்து மாத வயதுள்ள சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்றை வளர்த்து வருகிறேன். வீட்டுக்குள் இருக்கும்வரை அதைப் போலச் சாதுவான நாய் கிடையாது. உட்கார், வா, இரு என்ற மூன்றையும் கருவாட்டுத் துண்டுக்கு ஆசைப்பட்டே விரைவாகக் கற்றுக்கொண்டது. ஆனால் வேலிக்கு அப்பால் ஒரு கௌதாரி எழும்பினாலோ, பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்குட்டி துள்ளினாலோ, கழுத்து நிமிர்ந்து உடல் விறைக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் பாய்ந்துவிடும். அந்த நேரத்தில் என் குரல் அதன் காதில் விழுவதாகவே தெரியவில்லை. கருவாட்டை மூக்கருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அண்மையில் பக்கத்துத் தோட்டத்துக் கோழி ஒன்றைக் கவ்விக் கொன்றுவிட்டது. கோழியின் விலையைக் கொடுத்துவிட்டேன் என்றாலும், அடுத்தது ஆடாக இருந்தால் பேச்சு அத்தோடு முடியாது. கட்டிவைத்து நாலு அடி கொடுத்தால் மறந்துவிடும் என்கிறார் ஒருவர். இரண்டு முறை முயலுக்கு விட்டால் தினவு அடங்கிவிடும் என்கிறார் மற்றொருவர். வேட்டை உணர்வை அடக்காமல், அதையே பரிசாக்கிப் பழக்கலாம் என்றும் கேள்விப்பட்டேன். இது உண்மையிலேயே நடக்கக்கூடியதா, அல்லது இருக்கிற வெறியை இன்னும் ஏற்றிவிடுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மதுரைப் பயிற்றுநர்:

வணக்கம் ஐயா. முதலில், அடி வேண்டாம். ஓடுவதைத் துரத்துவது உங்கள் நாய் எங்கிருந்தோ கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் அன்று. முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பதற்கென்றே தென் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனத்தின் தொழில் அது. அடித்தால், ஆடு கண்ணில் படும்போது உங்கள் கைக்கு எட்டாமல் நிற்க வேண்டும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். ஆட்டை மறக்காது.

வேட்டை என்பது ஒரே செயல் அன்று, பல செயல்களின் தொடர்: இரையை உணர்ந்து திரும்புதல், கண் வைத்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்தல், தின்னுதல். நாயினங்களின் குணவேறுபாட்டை இந்தத் தொடரைக் கொண்டே விளக்கியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியர். பார்டர் கோலியிடம் கண் வைத்தல், பதுங்கல், துரத்தல் மூன்றும் மிகுந்திருக்கும், கவ்வுவது மட்டும் குறைந்திருக்கும். ஆட்டுக்குக் காயம்படாமல் அதனால் மந்தையைத் திருப்ப முடிவது அதனால்தான். லாப்ரடாருக்குக் கவ்வி எடுத்து வருவதில்தான் மகிழ்ச்சி. மந்தைக் காவல் நாய்களிடம் இந்தத் தொடர் பெரும்பாலும் அவிந்தே கிடக்கும். சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோல் போன்ற நாய்களுக்கோ கண்டதும் பாய்ச்சல்தான். இத்தகைய நாய்க்கு, ஆடு ஓடும் நேரத்தில் கருவாடு பரிசே ஆகாது, ஓட்டம்தான் பரிசு.

ஓர் உயிர் தானாக மிகுதியாகச் செய்யும் செயலை, அது குறைவாகச் செய்யும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று டேவிட் பிரேமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதினார். வீட்டுப்பாடத்தை முடித்தால் விளையாடப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதே கணக்குதான். 'நில்' என்றதும் நின்றால், 'பிடி' என்ற அனுமதி கிடைக்கும் என்பது உங்கள் நாய்க்குப் புரிய வேண்டும்.

ஆள் உயர மூங்கில் கம்பு ஒன்றை எடுத்து, அதன் நுனியில் கம்பைவிடச் சற்று நீளமான கயிற்றையும், கயிற்றின் முனையில் பழைய துண்டு ஒன்றையும் கட்டுங்கள். கடைகளில் ஃபிளர்ட் போல் என்ற பெயரில் விற்பதும் இதுதான். பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லை. துண்டை அசைவில்லாமல் தரையில் போட்டுவிட்டு, நாயிடம் ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். அது துண்டை முறைக்கும், கால் மாற்றும், முனகும், ஒருவேளை குரைக்கும். பிறகு, இவன் ஏன் ஆட்டவில்லை என்று ஒரு நொடி உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்த நொடியைத் தவறவிடாமல் 'பிடி' என்று சொல்லி, முயல் திரும்புவதைப் போலத் துண்டைத் தரையோடு தரையாக இழுங்கள். சில விரட்டல்களுக்குப் பின் பிடிக்க விடுங்கள். பிடிக்கவே முடியாத இரை நாயைப் பித்தாக்கும். லேசர் விளக்கைச் சுவரில் ஓடவிட்டு நாயைத் துரத்த வைப்பது கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்: பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லாததால், சில நாய்கள் பின்னர் நிழலையும் வெளிச்சத்தையும் நாள் முழுதும் தேடித் திரியத் தொடங்கிவிடும்.

இது பழகிய பிறகு, ஓட்டத்தின் நடுவில் துண்டைச் சட்டென்று நிறுத்தி 'நில்' என்று சொல்லுங்கள். துண்டு செத்துக் கிடக்கும்போது நாயின் வேகம் தானாகவே தணியும். நின்று உங்களைப் பார்த்தால், உடனே மறுபடியும் 'பிடி'. நின்றதனால் ஓட்டம் போய்விடவில்லை, திரும்பக் கிடைத்தது என்பதை நாய் உணரும் இடம் இது. மொத்தப் பயிற்சியும் இதைத்தான் நம்பியிருக்கிறது. ஆட்டத்தைத் திடீரென்று முடிக்காமல், துண்டைக் கவ்வ விட்டு, இறைச்சித் துண்டு கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, கையளவு தீனியைப் புல்லில் இறைத்துவிடுங்கள். மோந்து பொறுக்கித் தின்பதற்குள் அதன் மூச்சும் மனமும் அடங்கிவிடும்.

சாத்தூர்ப் பெரியவர்:

தம்பி, முயலுக்கு விட்டால் தினவு அடங்கும் என்று சொன்னவர் பேச்சைக் கேட்க வேண்டாம். ஒருமுறை முயலைப் பிடித்த நாய் மறுநாளும் அதே காட்டை நோக்கித்தான் இழுக்கும். அதோடு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். நாய் பிடித்ததற்கு நாயின் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் தகப்பனார் காலத்து நாய்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவை காட்டில் முயலை விரட்டியவைதான், ஆனாலும் அதே நாய்கள் மாலையில் தொழுவத்தில் கோழிகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கும். குட்டியாகக் கண் திறந்த நாள் முதல் ஆட்டுக்கும் கோழிக்கும் இடையிலேயே வளர்ந்ததுதான் காரணம். அடைக்கோழி மூக்கில் கொத்தியதும், தாய் ஆடு முட்டித் தள்ளியதும் பாதிப் பாடத்தை அப்போதே நடத்திவிட்டன. அப்படியிருந்தும், அடுத்த ஊர்க் கோழி குறுக்கே ஓடினால் அவற்றை நம்ப முடியாது. வீட்டுக் கோழி வேறு, வெளிக் கோழி வேறு என்பது நாயின் கணக்கு. உங்கள் நாய்க்குப் பத்து மாதம் ஆகிவிட்டதால் அந்தக் குட்டிப் பருவத்துப் பாடத்தை இனி முழுமையாகக் கொடுக்க முடியாது. பயிற்றுநர் சொன்ன வழியில் போகலாம்; ஆனால் வேலியைச் சரிசெய்து, அடியில் நுழைய முடியாதபடி முதலில் அடைத்துவிடுங்கள்.

கோவை லாப்ரடார்:

கேள்வியாளரின் ஐயத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எங்கள் லாப்ரடாரிடம் பந்து எறியும் ஆட்டத்தை மிஞ்சவிட்டால், அது அமைதியடைவதில்லை, இன்னும் பரபரப்புதான் கூடுகிறது. துரத்தும் நாய்க்குத் தினமும் துரத்தலையே கொடுத்தால் அது துரத்துவதில்தானே தேர்ச்சி பெறும்? மூக்குக்கு வேலை கொடுத்தால் என்ன? வெடிபொருள் தேடும் நாய்கள்கூடப் பொருளைக் கண்டுபிடித்ததும் தமக்குப் பிடித்த பந்தோ துணிச் சுருளோ கிடைக்கும் என்பதற்காகத்தானே தேடுகின்றன?

மதுரைப் பயிற்றுநர்:

நல்ல கேள்வி. எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாமல் பந்தை எறிந்துகொண்டே இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். நான் சொன்ன ஆட்டத்தில் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். நாயின் மூச்சு இறைக்கும் முன்பே, சில நிமிடங்களில் அதை முடித்துவிட வேண்டும். உங்களைத் திரும்பிப் பார்ப்பது குறைந்து, கண் துண்டிலேயே குத்தி நின்றுவிட்டால், அன்று அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

மோப்பத் தேடலும் சிறந்ததே. கண்வேட்டை நாய்க்கு மூக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. முதலில் கண்ணை நம்புகிறது, அவ்வளவுதான். ஆட்டுத் தோல் துண்டு ஒன்றைத் தோட்டத்தில் இழுத்துச் சென்று தடம் போட்டு, முடிவில் தீனிக் கிண்ணத்தை ஒளித்து வையுங்கள். காற்று அதிகமில்லாத விடியலில், தரையில் ஈரம் இருக்கும்போது தொடங்குவது எளிது.

நெல்லை கால்நடை மருத்துவர்:

உடல் சார்ந்த சில செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். பத்து மாதத்தில் இந்த நாயின் எலும்பு வளர்ச்சி முடிந்திருக்காது. ஒன்றரை வயதுவரை திடீர்த் திருப்பங்களையும், அந்தரத்தில் எம்பிப் பிடிப்பதையும் தவிர்த்து, துண்டை எப்போதும் தரையோடு அகலமான வட்டமாக இழுங்கள். ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், வயிறு நிறையத் தின்ற உடனே ஓடவிடக் கூடாது. கோடையில் வெயில் ஏறும் முன்பே ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். காய்ந்த கரிசலின் வெடிப்பில் கால் சிக்கினால் எலும்பு முறியும். சீமைக் கருவேல முள் பாதத்தில் ஏறி வெளியே தெரியாமல் சீழ் வைக்கும். எனவே இடத்தை நடந்து பார்த்துச் சுத்தம் செய்த பிறகே தொடங்குங்கள்.

இன்னொன்று, கழுத்துப்பட்டை. இந்த நாய்களின் தலை கழுத்தைவிட அதிகம் அகலமாக இராததால், சாதாரணப் பட்டை பின்னோக்கி இழுத்தவுடன் கழன்றுவிடும். அகலமான பட்டையோ, மார்பைச் சுற்றிப் பூட்டும் வாரோ வேண்டும். நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டி ஓடவிடுவது மிகவும் ஆபத்து. சில எட்டுகளிலேயே முழு வேகத்தை எட்டிவிடும் நாய், கயிறு தீரும் இடத்தில் வெட்டி இழுக்கப்பட்டால் கழுத்தெலும்பு என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கரிசல்காட்டு வாசி:

அனைவருக்கும் நன்றி. பயிற்றுநர் ஐயாவிடம் மேலும் ஒரு கேள்வி. துண்டுக்கு நிற்கும் நாய் ஆட்டுக்கு நிற்குமா? ஆட்டைத் துரத்தவே விடப்போவதில்லை என்னும்போது, ஆட்டின் முன்னால் நின்றதற்கு அதற்கு என்ன பரிசைக் கொடுப்பது?

மதுரைப் பயிற்றுநர்:

துண்டுதான் அங்கேயும் பரிசு. ஆனால் அது ஆடு இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். மந்தை மேய்ச்சல் முடிந்து எந்த நேரத்தில் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை மேய்ப்பவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஆடு கண்ணுக்குத் தெரிந்தும் நாயின் உடல் விறைக்காத அளவுக்கு எட்டத்தில் நில்லுங்கள். அந்தத் தொலைவு ஒரு வயல் அகலமாக இருக்கலாம், மூன்று வயலாகவும் இருக்கலாம். உங்கள் நாய்தான் அதைச் சொல்லும். மருத்துவர் சொன்ன மார்பு வாரில் குட்டையான கயிற்றை மாட்டிக் கையிலேயே பிடித்திருங்கள். ஆட்டைப் பார்ப்பதைத் தடுக்க வேண்டாம், பார்க்கட்டும். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் கணத்தில் 'பிடி' என்று சொல்லி, மந்தைக்கு முதுகு காட்டி நீங்களும் நாயோடு ஓடிக்கொண்டே துண்டைப் பின்னால் இழுத்து வாருங்கள். அமைதியாகத் திரும்பும் நாள்கள் தொடர்ந்து வந்தால் தொலைவைச் சிறிது குறைக்கலாம். விறைத்தாலோ முனகினாலோ மறுபடியும் பின்வாங்குங்கள். கோழிக்கும் இதே முறைதான். ஆனால் கோழி படபடத்து ஓடும் என்பதால், தொடக்கத்தில் அது கூண்டுக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இவ்வளவும் பழகிய பிறகும் மந்தை மேயும் திறந்த வெளியில் இந்த நாயைக் கயிறில்லாமல் விடாதீர்கள். அது முழு வேகத்தில் ஓடுவதற்குப் பெரியவர் சொன்னபடி அடைத்த உங்கள் தோட்டமே போதும்.