வரியும் போரும் மழையும்: வரிசையில் நின்றபோது கேட்டது

வருமான வரிக் கணக்கைக் கடைசி நாளில் தாக்கல் செய்வது என் பழக்கம். போன முறை இணையதளம் படுத்துவிட்டது. நேரில் போனால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது, வெளியே மழை. சுவரில் இருந்த தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் எங்கேயோ குண்டு விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் பேச்சு மூன்றே விஷயம்: இந்த வரி எப்போது ஒழியும், அந்தப் போர் எப்போது முடியும், இந்த மழை எப்போது விடும்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவராம். "போர் முடிந்தால் வரியும் போய்விடும் என்றுதான் தம்பி முதலில் சொன்னார்கள்" என்றார். "யார் ஐயா சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் போதாமல் 1799-ல் பிரிட்டனில் பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்தது வருமான வரி. வருடத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் வருமானம் என்றால் பத்தில் ஒரு பங்கு. 1802-ல் சமாதானம் வந்தது, வரி போனது. மறு வருடமே போர் திரும்பியது, வரியும் திரும்பியது. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்ற பிறகு 1816-ல் நாடாளுமன்றமே அதைத் தூக்கி எறிந்தது. 1842-ல் பிரதமர் ராபர்ட் பீல் மறுபடி கொண்டுவந்தபோது போர்ச் சாக்குகூடத் தேவைப்படவில்லை, அரசின் பணப் பற்றாக்குறையே போதுமாக இருந்தது. "மூன்று வருடத்துக்கு மட்டும்" என்றார்களாம். இன்றுவரை அங்கே அது ஏட்டளவில் தற்காலிக வரிதான். ஒவ்வொரு ஏப்ரல் 5-லும் காலாவதியாகும், வருடா வருடம் சட்டம் போட்டுப் புதுப்பிப்பார்கள்.

இப்படி யாராவது உங்களிடம் மாட்டியிருக்கிறார்களா, அல்லது நீங்கள் யாரிடமாவது மாட்டினீர்களா? சொல்லுங்கள்.

*

பெரியவர் மழையை விட்டுவிட்டாரே! நான் வானிலை நிலையத்தில் பல வருடம் காற்றழுத்தம் குறித்துவைத்தவன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒரு நாள் வரைபடத்தைப் பார்த்து, "குளிர் முகப்பு, வெப்ப முகப்பு என்கிறோமே, ஆங்கிலத்தில் ஏன் சார் போர்முனைக்கும் இதற்கும் 'front' என்று ஒரே சொல்?" என்று கேட்டாள். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் நார்வேயின் பெர்கன் நகரத்து ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. இரண்டு காற்றுத் திரள்கள் மோதும் எல்லை அவர்களுக்குப் போர்முனையாகத் தெரிந்திருக்கிறது.

அதற்கும் முன்பே, 1854 நவம்பர் 14 அன்று கருங்கடலில் அடித்த புயலில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் பல போயின. ரஷ்யாவோடு அவர்கள் மோதிய கிரிமியப் போர் நேரம். நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, அந்தப் புயல் ஐரோப்பாவைக் கடந்து வந்த தடத்தைத் தேடி எடுத்தார். தந்தி அடித்து முன்பே எச்சரித்திருக்கலாம் என்று புரிந்தது. பிரான்சின் வானிலைத் தந்தி வலையமைப்பு அதிலிருந்து வளர்ந்தது.

எனக்குப் பிடித்தவர் பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்த இடைவெளியில் ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். விடை படுதோல்வி: காற்றழுத்தம் 145 மில்லிபார் (அழுத்தத்தின் அலகு) ஏறும் என்று வந்தது, நிஜத்தில் அசையவே இல்லை. ஆனால் இன்றைய கணினி முன்னறிவிப்பு அந்த வழியில்தான் போகிறது. பிரிட்டனின் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் 1920-ல் வேலையை விட்டார். பின்னாளில் போர்கள் ஏன் வருகின்றன என்று அதற்கும் கணக்குப் போட உட்கார்ந்தார். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் அழுத்தமானியைப் பார்க்கப் போய்விட்டாள்.

*

கனடாவில் இருக்கும் என் அண்ணன் வரி கட்டும்போதெல்லாம் ஒரு கதை சொல்வார். அங்கே 1917-ல் வந்த வருமான வரிச் சட்டத்தின் பெயரிலேயே 'போர்' இருந்ததாம். இரண்டாம் உலகப் போரும் முடிந்து சில வருடம் கழித்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். வரியை எடுக்கவில்லை. பத்து முறையாவது கேட்டிருப்பேன், எனக்கு அது வேறு போர்!

*

வரிசையில் நின்றவன்தான் மறுபடி எழுதுகிறேன். ரிச்சர்ட்சன் கதையை அந்தப் பெரியவரிடம் சொல்ல ஆசை, ஆனால் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் முறை வந்தபோது மின்சாரம் போய்விட்டது. மழைதான்.