இணையம் எட்டாத வகுப்பறைக்குப் பாடம் சேர்த்தவர்களின் அனுபவங்கள்

அறிவியல் பட்டதாரி ஆசிரியர், கொல்லிமலை:

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து எங்கள் பள்ளிக்கு வந்தால், கைப்பேசியில் சிக்னல் கிடைப்பது திடலின் ஒரு மூலையில் மட்டுமே. 2019இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய அறிவியல் பாடநூல் வந்தபோது, அதிலிருந்த க்யூஆர் குறியீடுகளைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் வகுப்பில் அவற்றை ஸ்கேன் செய்தால், பாட வேளை முடியும்வரை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆகவே, பாடத்துக்கு வேண்டியவற்றை வார இறுதியில் அடிவாரத்து வீட்டிலேயே சேகரித்துப் பென்டிரைவில் மேலே கொண்டுவரத் தொடங்கினேன்.

முதலில் எடுத்துக்கொண்டது நான்காம் அலகான மின்னோட்டவியல். நல்ல படங்களுடன் இருந்த ஓர் இணையப் பக்கத்தைச் சேமித்து எடுத்துவந்தேன். வகுப்பில் திறந்தபோது எழுத்துகள் மட்டுமே வந்தன. மின்சுற்றுப் படம் இருக்க வேண்டிய இடங்களில் வெற்றுக் கட்டங்கள் நின்றன. பக்கத்தை முழுமையாகச் சேமிக்கும்போது ஒரு கோப்பும் அதே பெயரில் படங்களடங்கிய ஒரு கோப்புறையும் உருவாகின்றன என்பதையும், நான் கோப்பை மட்டும் எடுத்துவந்துவிட்டேன் என்பதையும் அன்று மாலைதான் புரிந்துகொண்டேன். அடுத்த வாரம் இரண்டையும் கொண்டுவந்தும் இரண்டு படங்கள் வரவில்லை. அவை சேமிக்கப்படவே இல்லை; வீட்டில் இணைய இணைப்பு இருந்ததால் அங்கு மட்டும் தெரிந்திருக்கின்றன. அதன்பின், வீட்டிலேயே இணைப்பைத் துண்டித்து, பென்டிரைவிலிருந்து ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்க்காமல் எதையும் பள்ளிக்குக் கொண்டுசென்றதில்லை.

இந்தச் சேகரிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டவை கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனைகள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்க உதவும் நிரல்கள். புதிய பாவனைகள் ஒவ்வொன்றும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தரவிறங்கி, பிரவுசர் மட்டும் இருந்தாலே இயங்குகின்றன. சில தமிழிலும் உள்ளன. மின்சுற்றுப் பாவனையில் இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் எரியவிட்டு, ஓர் இணைப்பைக் கத்தரிக் குறியால் வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு பல்பு மட்டும் அணையும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் கை தூக்கினார்கள். இரண்டும் ஒன்றாக அணைந்ததைப் பார்த்ததும், பக்க இணைப்பில் எப்படி இருக்கும் என்று அவர்களாகவே கேட்டார்கள். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிய எனக்கு, அந்தக் கேள்வி அதுவரை வகுப்பிலிருந்து வந்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எந்த இணையதளத்திலிருந்து எடுத்தேனோ அதன் பெயரிலேயே கோப்புறை வைத்திருந்தேன். எட்டாம் வகுப்புக்குப் போகும் வழியில் உடன்பணியாற்றும் ஆசிரியை ஒருவர், "விசையும் அழுத்தமும் பாடத்துக்கு ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டபோது, என்னிடம் இருந்தும் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. அந்த மே விடுமுறையில் எல்லாவற்றையும் வகுப்பு, அலகு எண் என்று பாடநூலின் வரிசைப்படியே மாற்றி அடுக்கினேன். ஒவ்வொரு கோப்புறையிலும், இது பாடநூலின் எந்தப் பக்கத்துக்கு உரியது, எத்தனை நிமிடம் ஆகும், காட்டுவதற்கு முன் பிள்ளைகளிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பும் வைத்தேன். தரவிறக்குவதைவிட இந்தக் குறிப்பு எழுதத்தான் அதிக நேரம் ஆகிறது. என்றாலும், மற்ற ஆசிரியர்கள் சேகரிப்பைத் திறந்து பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கணித ஆசிரியை, நீலகிரி மாவட்டம்:

ஐயா சொன்னதுடன் என் இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னங்கள் முதல் திரிகோணமிதி வரை, அசையும் படங்களாகப் பல ஆண்டுகள் சேர்த்துவைத்திருந்தேன். அவற்றில் பெரும்பகுதி, அடோபியின் ஃப்ளாஷ் என்ற மென்பொருள் இருந்தால் மட்டுமே ஓடும் கோப்புகள். 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அந்த மென்பொருள் இயங்குவதே தடுக்கப்பட்டது. ஊரடங்குக்குப் பின் அதே ஜனவரியில் பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தபோது, பத்து மாதம் வகுப்பறையையே பார்க்காத பிள்ளைகளுக்காக ஆவலுடன் கணினியைத் திறந்தேன். ஒரு கோப்பும் ஓடவில்லை. பின்னர், ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டிக்காட்டும் ரஃபிள் என்ற இலவச மென்பொருளின் துணையால் பாதியளவு மீண்டது. இப்போது எதைச் சேர்த்தாலும் எம்பி4, பிடிஎஃப் போன்று எங்கும் திறக்கக்கூடிய வடிவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா மென்பொருளையே பள்ளிக் கணினியில் நிறுவிவிட்டதால், அதற்கு இணையம் தேவைப்படுவதில்லை.

ஆசிரியர் பயிற்றுநர்:

எங்கள் ஒன்றியப் பள்ளிகளுக்கு ஒரே பென்டிரைவைச் சுற்றுக்கு விட்டேன். நான்காவது பள்ளியிலிருந்து திரும்பியபோது கோப்புகளெல்லாம் ஷார்ட்கட்களாக மாறி, வைரஸுடன் வந்தது. அன்றுமுதல் மூலப் பிரதியை என் வன்தட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கு ஒன்றாகத் தனிப் பிரதிகள் தருகிறேன். விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸுக்கான கோப்பை நகலெடுக்கும்போது, பென்டிரைவில் இடம் இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று மறுத்தது. கோப்புகளைப் பதிந்துவைக்கும் முறைகளில் ஒன்றான எஃப்ஏடி32 (FAT32) முறையில் அமைந்த பென்டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற முறைக்கு மாற்றியதும் ஏறிவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கிவிக்ஸை நிறுவி ஹாட்ஸ்பாட் வழியாகத் திறந்துவிட்டால், சிம் கார்டே இல்லாத டேப்லெட்டுகளிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உரிமம் பற்றியும் ஒரு வேண்டுகோள். விக்கிப்பீடியாவின் உரைகளை, மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பிறருக்கு அளிக்கலாம். பகிர அனுமதியில்லாத காணொளிகளின் முகவரியை மட்டும் குறிப்பில் எழுதித் தருகிறேன். ஆசிரியர்கள் சிக்னல் கிடைக்கும் இடத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். கொல்லிமலை ஐயா தம் ஒருபக்கக் குறிப்பின் மாதிரியை இங்கே இட்டால், அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அச்சிட்டு எடுத்துச் செல்வேன்.