செஸ்னா 172எஸ்: குதித்து இறங்கியதில் ஃபயர்வால் சுருங்கிவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மாணவர் தனியாக இறக்கிய விமானம். வேகம் கூடுதல், ஓடுபாதையில் பட்டுக் குதித்ததும் யோக்கை (விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) முன்னே தள்ளியிருக்கிறார். முதல் குதிப்பிலேயே முழு த்ராட்டில் கொடுத்து மேலே ஏறியிருந்தால் தப்பியிருக்கும். மூன்றாம் மோதலில் மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பெல்லர் நுனிகள் வளைந்தன.

புரொப்பெல்லர் அடிபட்டதால் லைக்கமிங் ஐஓ-360 எஞ்சினைப் பிரிப்பது உறுதி. டயல் கேஜில் கிராங்க்ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் (புரொப்பெல்லர் பொருந்தும் முனை) நேராகக் காட்டினாலும் நம்பமாட்டோம். கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க கியர் போல்ட்டையும், கியரை இடம் மாறாமல் பிடிக்கும் டவல் பின்னையும் பார்த்தே தீர வேண்டும்.

சிக்கல் ஃபயர்வால்தான், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தகட்டுச் சுவர். மூக்குச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் கீழ் இணைப்பருகே தகட்டில் விரலுக்குத் தட்டுப்படும் சுருக்கம். இரண்டு ரிவெட் தலைகளைச் சுற்றிக் கருங்கறை. இது பழைய முரட்டு இறக்கத்தின் தடயமாகவும் இருக்கலாம்.

ஃபயர்வாலை முழுதாக மாற்றியவர்களே, எஞ்சின் மவுண்ட் புள்ளிகள் நகராமல் ஜிக்கை (பிடிச்சட்டத்தை) எங்கே பிடித்தீர்கள்? பெடல் பக்கத் தரைத் தகட்டையும் கழற்றினீர்களா? படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.