டைவிங் போன இடத்தில் ஆண்களின் தொந்தரவு: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கல்லடியிலிருந்து:
ஊரிலேயே கடல் இருந்தும் நான் டைவிங் பழகப் போனது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். பாசிக்குடாப் பக்கம் ஒரு இடம், பெயர் வேண்டாம். கரையில் வைத்தே தொடங்கிவிட்டது. வெட்சூட் என்கிற டைவிங் உடையைப் போட்டவுடன் பயிற்றுநர் பின்னால் வந்து சிப்பை இழுத்துவிட்டு, கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கதைக்கிறார். அந்தச் சிப்பில் நீளமாக ஒரு வார் தொங்குகிறதே, அது நாமே கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் இழுத்துக்கொள்ளத்தான்.

தண்ணிக்குள் இன்னும் மோசம். முதன்முதல் இறங்குகிறவர்களை 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, பயிற்றுநர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் பிடிப்பதென்றால் சிலிண்டர் வால்வையோ சிலிண்டரைக் கட்டியிருக்கும் டைவிங் ஜாக்கெட்டின் தோள்பட்டியையோ பிடித்தால் போதும். இவர் கை நெஞ்சுப் பக்கம் வருகிறது. வாயில் மூச்சு விடுகிற ரெகுலேட்டர், கத்த முடியாது. உதறிவிட்டு மேலே பாயவும் ஏலாது, மூச்சை அடக்கிக்கொண்டு சடாரென்று ஏறினால் நுரையீரல் கிழியும் என்று காலையில் பாடம் எடுத்ததே அவர்தான்! மேலே வந்து கேட்டால், “பாதுகாப்புக்குத்தான் தங்கச்சி, நீங்க பயந்திட்டீங்க” என்று ஒரு இளிப்பு. போட்டில் இருந்தவர்களும் அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்முனையிலிருந்து:
எனக்குக் கை வரவில்லை அக்கா, வட்ஸ்அப்தான் வந்தது. அனுபவசாலி என்று எல்லாரும் மதிக்கிற ஒரு சுழியோடி, இரவு 11 மணிக்கு மேல், “தனியா வாங்க, ஹேர்மிஸ் கப்பலைக் காட்டுறன்” என்கிறார். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய அந்தக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லையே 40 மீற்றர், என்னுடைய டைவிங் சான்றிதழ் கார்டுக்கோ 18தான். ஒரு பிள்ளையைத் தனியாக அழைக்க வேண்டுமென்பதற்காக அவளுடைய உயிரையே பணயம் வைக்கிற ஆளை என்னவென்று சொல்வது? இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னால் கடலே வேண்டாம் என்றுதான் முடியும், அதனால் மச்சாளிடம் மட்டும் சொன்னேன்.

ஆரையம்பதியிலிருந்து:
இரண்டு பேரும் அந்த மெசேஜையும் போட் போன திகதியையும் வைத்திருங்கள். தண்டனைச் சட்டக்கோவையில் 345ஆம் பிரிவு இருக்கிறது, 1995இல் திருத்தினார்கள், தொட்டால் மட்டுமல்ல, வார்த்தையால் தொந்தரவு கொடுத்தாலும் குற்றம்தான், 5 வருடம் வரை சிறை. பொலிசுக்குத் தனியே போகக் கூச்சமென்றால் முதலில் 1938 என்கிற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள். கல்லடித் தங்கச்சி, உங்கள் கார்டில் பயிற்றுநரின் இலக்கம் இருந்தால் அதைக் குறிப்பிட்டு, சான்றிதழ் தருகிற நிறுவனத்துக்கும் முறைப்பாடு எழுதலாம். போட்டில் சிரித்தவர்களின் பெயர் தெரிந்தால் அதையும் போடுங்கள்.

அப்புறம், அடுத்த சீசனுக்குப் பெண்களாகச் சேர்ந்து போவதென்றால் நானும் வருகிறேன், போட் காசைப் பங்கு போடலாம்.