ஐபி 67 பெட்டிக்குள்ள தண்ணி எப்படிங்க வருது? ரப்பர் மாத்தியும் நிக்கல

மண்புழு_ஈசூன்:
அண்ணன்மார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்க. எங்க புளோக் பக்கத்துல இருக்கிற பலமாடிக் கார்பார்க்கோட மொட்டைமாடியில சமூகத் தோட்டம். மண் ஈரத்தைப் பார்த்து தண்ணி திறந்துவிட ஒரு சின்ன கன்ட்ரோலர் செஞ்சு மாட்டியிருக்கேன். பெட்டி கரும்சாம்பல் கலர் பாலிகார்பனேட், 180 × 120 × 90 மி.மீ. மூடியில ஐபி 67னு அச்சே போட்டிருக்கு, அதாவது தூசி, தண்ணி புகாதுங்கிற தர எண். அடியில மூணு கேபிள் கிளாண்ட் (கேபிளைச் சுத்தி இறுக்கி ஓட்டையை அடைக்கிற திருகு): 12 வோல்ட் கரண்ட், வால்வு, மண் சென்சார்.

அஞ்சு மாசத்துல மூணு சர்க்யூட் போர்டு போச்சு. நேத்து திறந்தா அடியில ரெண்டு டீஸ்பூன் தண்ணி, டெர்மினல் எல்லாம் பச்சைப் பூத்திருக்கு. போன தடவையே மூடி ரப்பரைப் புதுசா மாத்திட்டேன். மாட்டுறதுக்கு முன்னாடி பாத்ரூம் வாளியில அரைமணி நேரம் முக்கியும் பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டு இல்ல. சிலிக்கா ஜெல் பை ரெண்டு போட்டேன், அதுவும் நனைஞ்சு கிடக்கு. தோட்டத்து ஆண்ட்டிங்க "உன் மெஷின விட என் பூவாளி பரவாயில்ல தம்பி"னு சிரிக்கிறாங்க.

டேப்பும்_நானும்:
யோசிக்கவே வேணாம் ப்ரோ. சிலிக்கோன் டியூப் ஒண்ணு வாங்கி மூடியைச் சுத்தி, கிளாண்டைச் சுத்தி அப்பிடுங்க. முடிஞ்சுது.

ரிட்டையர்_டெஸ்ட்பெஞ்ச்:
தம்பி, அப்பிடாதீங்க. வினிகர் வாசம் வர்ற சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், மூடின பெட்டிக்குள்ள செம்பை அரிச்சிடும். ஒட்டியே ஆகணும்னா அந்த ஆசிட் விடாத நியூட்ரல் வகை வாங்கணும். ஆனா அதுக்கு முன்னாடி தண்ணி எந்த வழியா வருதுன்னு தெரியணும்.

ஒரு கேள்வி. போர்டுல டெம்பரேச்சர் பதிவாகுதா? மழை வந்த ஒரு மத்தியானத்தை எடுத்துப் போடுங்க.

சிம்லிம்_சுத்தி:
தம்பி, நானும் கேக்குறேன். சுவத்துல மாட்ட பெட்டிக்குள்ளயே ஓட்டை போட்டீங்களா? ரப்பருக்கு வெளியே நாலு மூலையிலயும் அதுக்குன்னே ஓட்டை இருக்கும். அப்புறம், ஒரு கிளாண்டுல ரெண்டு ஒயர் விட்டிருக்கீங்களா? பிஜி 7ங்கிற சைஸ் கிளாண்டு 3லிருந்து 6.5 மி.மீ. வரைக்கும் உள்ள ஒரு உருண்டை கேபிளைத்தான் பிடிக்கும். ரெண்டு விட்டா நடுவுல சந்து நிச்சயம்.

மண்புழு_ஈசூன்:
அக்கா, மாட்டினது வெளி ஓட்டையிலதான். கிளாண்டுக்கு ஒரு கேபிள்தான், எல்லாம் உருண்டை. அண்ணே, பதிவு இருக்கு: 2.40க்கு 61 டிகிரி. மழை பிடிச்சதும் இறங்கி 2.55க்கு 29.

ரிட்டையர்_டெஸ்ட்பெஞ்ச்:
சரியா போச்சு. கணக்கைப் பாருங்க. 61 டிகிரின்னா 334 கெல்வின், 29ன்னா 302. மூடின பெட்டியில காத்தழுத்தம் கிட்டத்தட்ட நூத்துக்குப் பத்து குறையும். அது ஒரு மீட்டர் தண்ணியோட அழுத்தம். உங்க பெட்டி ரெண்டு லிட்டர்; அழுத்தம் சமமாக 190 மி.லி. காத்து வேணும், ஒரு சின்ன கிளாஸ் கோப்பி அளவு. வெளியே அந்த நேரம் கொட்டுறது மழை. சந்துல நிக்கிறது காத்தில்ல, தண்ணி. அதைத்தான் உறிஞ்சும். வெயில் அடிச்சா காத்து வெளியே போகும், தண்ணி உள்ளேயே தங்கும். நம்ம ஊர் மத்தியானத்துக்கு இது கிட்டத்தட்ட தினசரி வேலை.

உங்க வாளி சோதனை தப்பில்ல, ஆனா வேற கேள்விக்குப் பதில். ஐபி 67ன்னா 1 மீட்டர் ஆழம், 30 நிமிஷம். அதுலயும் தண்ணிக்கும் பெட்டிக்கும் 5 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாதுன்னு ஐஇசி 60529ங்கிற சர்வதேசத் தரவிதியில இருக்கு. வெந்த பெட்டி மேல மழை கொட்டுறதை அந்த எண் பார்க்கவே இல்ல.

"ஈரக்காத்து குளிர்ந்து தண்ணியாச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 30 டிகிரியில ரெண்டு லிட்டர் காத்து முழுசா ஈரமா இருந்தாலும் 0.06 கிராம் தண்ணிதான், ஒரு சொட்டு. ரெண்டு டீஸ்பூன் வெளியிலிருந்து வந்தது.

இப்போ சந்தைத் தேடுங்க. பார்மஸியில 60 மி.லி. சிரிஞ்ச், அலங்கார மீன் கடையில ஏர் டியூபும் ஒரு சின்ன வால்வும். போர்டைக் கழட்டி வச்சிட்டு மூடியில ஒரு ஓட்டை போட்டு டியூபைச் செருகி, சுத்தி ஒட்டி, மூணு சிரிஞ்ச் காத்து அடிங்க. ஒவ்வொரு தடவையும் வால்வை மூடிட்டுதான் சிரிஞ்சை இழுக்கணும். சைக்கிள் பம்பு வேணாம், அழுத்தம் அதிகமாகி நல்ல ரப்பரையும் பிதுக்கிடும். எல்லா இடத்துலயும் சோப்புத் தண்ணி தடவுங்க. கேபிளோட மறுமுனையையும் விட்டுடாதீங்க.

மண்புழு_ஈசூன்:
அண்ணே! மூடி, கிளாண்ட் எங்கயும் குமிழ் இல்ல. சென்சார் கேபிள் நாலு மீட்டர் போய் பாத்தி ஓரத்துல கனெக்டர்ல சேருது, மேல கறுப்பு டேப் சுத்தியிருந்தேன். டேப்பைப் பிரிச்சா வெளித்தோலுக்கும் உள் ஒயருக்கும் நடுவுல இருந்து நுரை பொங்குது. அந்த மூட்டு இருக்கிற இடம் மழை பெஞ்சா குட்டையாயிடும். பெட்டி ஸ்ட்ரா போட்டுக் குடிச்சிருக்கு.

சிம்லிம்_சுத்தி:
அட, நான் கிளாண்டையே பார்த்துட்டு இருந்தேன் பாருங்க.

ரிட்டையர்_டெஸ்ட்பெஞ்ச்:
நானும் வேலையில சேர்ந்த புதுசுல இதே மாதிரி ஒண்ணுல ரெண்டு வாரம் ரப்பரை மாத்திட்டு இருந்தவன்தான்.

அந்த கனெக்டர் மூட்டை மண்ணுலிருந்து தூக்கிக் கட்டி, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி இறுக்குற குழாய்) போடுங்க. பெட்டிப் பக்கத்துல கேபிள் வெளித்தோலை உரிச்ச இடத்துல ஒயர்களைப் பிரிச்சு வச்சு எபாக்ஸி பசை ஊத்துங்க, ஸ்ட்ரா அடைபடும். அதோட விடாதீங்க. எல்லா வழியையும் அடைச்சா உறிஞ்சுற சக்தி அப்படியே இருக்கும், அடுத்து எது தேயுதோ அது வழியா குடிக்கும். அடிப்பக்கம் ஒரு வென்ட் பிளக் போடுங்க. அதுல இருக்கிற சவ்வு காத்தை விடும், தண்ணியை விடாது. மேல ஒரு வெள்ளைத் தகடு, ரெண்டு விரல் இடைவெளி விட்டு. 61 டிகிரி நல்லா இறங்கும்.

டேப்பும்_நானும்:
அப்போ டேப்தான் குற்றவாளியா? பேரை மாத்திக்கிறேன்.

மண்புழு_ஈசூன்:
வென்ட் போட்டுட்டு எப்படி சோதிக்கிறது அண்ணே? இன்னொரு போர்டைப் பலி கொடுக்க மனசில்ல.

ரிட்டையர்_டெஸ்ட்பெஞ்ச்:
மூடியில போட்ட ஓட்டையிலயே வென்ட்டை வைக்காதீங்க, அதை அடைச்சிடுங்க. போர்டு இல்லாம உள்ளே நாலு பக்கமும் டிஷ்யூ ஒட்டுங்க. வெயில்ல 60 வரைக்கும் காய விட்டு, சிவப்பு உணவுச் சாயம் கலந்த ஐஸ் தண்ணியைப் பூவாளியில எடுத்து மேல ஊத்துங்க. கேபிள் மறுமுனை மூட்டையும் அதே சாயத் தண்ணியில போட்டு வைங்க. பத்து தடவை செஞ்சு திறங்க. டிஷ்யூவுல சிவப்பு எங்க இருக்கோ அங்கதான் வேலை. பூவாளிக்கு ஆண்ட்டிகிட்ட கேளுங்க.