அம்மாவுக்கும் 9, மகளுக்கும் 9

பாண்டி மாமா: ரிப்போர்ட் வந்துவிட்டது. செல்விக்கும் ரம்யாவுக்கும் ஹீமோகுளோபின் 9.

மீனா சித்தி: அண்ணே, ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுங்கள். தானாக ஏறும்.

பாண்டி மாமா: தீபாவளியிலிருந்து செல்வி இரும்பு மாத்திரை போடுகிறாள். கறுப்பாக வெளிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கார்த்திகா: மாமா, இரும்பு இருப்பைக் காட்டுமே, அந்த ஃபெரிட்டின் எவ்வளவு?

பாண்டி மாமா: செல்விக்கு 240. ரம்யாவுக்கு 6.

கார்த்திகா: அப்போ ரெண்டும் வேற வேற சோகை. ரம்யாவுக்கு இரும்பு இருப்பே இல்லை. அத்தைக்கு இருப்பு இருக்கிறது, வெளியே வரவில்லை.

செல்வி அத்தை: ஏன் வராதாம்?

கார்த்திகா: கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது அத்தை. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வர ஒரே வாசல் ஃபெர்ரோபோர்ட்டின். ஹெப்சிடின் அந்த வாசலையே அழித்துவிடும். உங்கள் முடக்குவாதத்தில் அழற்சி அதிகம், அதனால் ஹெப்சிடினும் ஏறும். மாத்திரை குடலைத் தாண்டாது. ரத்தம் உண்டாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு ஒரு நாளைக்கு 20–25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து சேர்வது 1–2தான். மிச்சமெல்லாம் பழைய சிவப்பணுவை உடைத்து மண்ணீரல் திருப்பித் தருவது. அதுவும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

மீனா சித்தி: சுவரொட்டியே மண்ணீரல்தானே!

கார்த்திகா: அதனால்தான் சித்தி அதில் அவ்வளவு இரும்பு. ரம்யாவுக்குக் கொடுங்கள்.

ரம்யா: மதினி, தினம் ரெண்டு மாத்திரை. வயிறு எரிகிறது.

கார்த்திகா: ஒன்று போட்டாலே ஹெப்சிடின் கிட்டத்தட்ட ஒரு நாள் ஏறியிருக்கும், அடுத்தது சரியாகச் சேராது. உன்னைப் போல இருப்பு குறைந்த பெண்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது மாத்திரைக்கு மாத்திரை கூடுதலாகச் சேர்ந்தது. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள். டீயோடு மட்டும் போடாதே.

குமார் சித்தப்பா: பக்கத்து வீட்டுப் பையனுக்கு தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்த நோய். அவனுக்கும் சோகைதான், இரும்பே கொடுக்கக் கூடாது என்கிறார்களே?

கார்த்திகா: அங்கே நேர் எதிர் சித்தப்பா. மஜ்ஜை எரித்ரோஃபெர்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பி ஹெப்சிடினை அடக்கிவிடும். குடல் தேவைக்கு மேல் இரும்பை எடுக்கும், ரத்தம் ஏற்றும்போதும் சேரும்.

பாண்டி மாமா: செல்விக்கு மாத்திரையை நிறுத்திவிடவா?

கார்த்திகா: நீங்களாக நிறுத்தாதீர்கள். அழற்சியில் ஃபெரிட்டினும் கூடும், அதனால் 240-ஐ மட்டும் நம்பாமல், அழற்சியைக் காட்டும் சிஆர்பியும், ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு வைத்தியம் சரியாக நடந்தால் ஹெப்சிடின் இறங்கும். அத்தை மூட்டுக்கான அந்த வாராந்திர மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா?

பாண்டி மாமா: சித்திரைத் திருவிழாவிலிருந்து போடவே இல்லை.

செல்வி அத்தை: இதையெல்லாம் குரூப்பில் போட வேண்டுமா?